கணவாய் சமைப்போம்

"ஆசையாகக் கணவாய் வாங்கினேன், அக்கா. 15 நிமிடம் வறுத்தேன். ரப்பர் போல ஆகிவிட்டது. பிள்ளைகளால் மெல்ல முடியவில்லை. அரை நாள் கூலி வீண்."

"கணவாயில் குற்றம் இல்லை, தங்கச்சி. நேரம்தான் தவறிவிட்டது. நான் சொல்கிறேன், கேள்."

கணவாயைச் சென்னையில் கடம்பா என்பார்கள். கேரளத்தில் கூந்தல் என்பார்கள். இதில் புரதம் அதிகம். கொழுப்பு குறைவு.

வாங்கும்போது

சின்னக் கணவாயாகப் பாருங்கள். உடல் பளபளப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும். கெட்ட வாடை வந்தால் வாங்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போது

தலையைப் பிடித்து மெல்ல இழுங்கள். குடலும் மைப்பையும் கூடவே வரும். உள்ளே கண்ணாடி போன்ற ஊசி இருக்கும். அதை உருவி எடுங்கள். கண்ணையும் வாயில் உள்ள அலகையும் நீக்குங்கள். தோலை உரியுங்கள். கழுவி, வளையமாக நறுக்கி, ஈரத்தைத் துடையுங்கள்.

சமைக்கும்போது

வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து முதலில் மசாலாவை நன்றாக வதக்குங்கள். கடைசியில் கணவாயைப் போடுங்கள். தீயைக் கூட்டுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 3 நிமிடத்தில் இறக்குங்கள். நேரம் கூடினால் சதை சுருங்கி இறுகும்.

இறுகிவிட்டதா? கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். சிறு தீயில் 40 நிமிடம் வேகட்டும். மறுபடி மென்மையாகும்.

கவனம்

சிலருக்குக் கணவாய் ஒத்துக்கொள்ளாது. அரிப்பு, தடிப்பு வந்தால் சாப்பிடுவதை நிறுத்துங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விடை சொல்லுங்கள்

1. நல்ல கணவாயை எப்படி அறிவது?
2. கணவாய் ஏன் ரப்பர் போல ஆகிறது?
3. இறுகிய கணவாயை என்ன செய்யலாம்?