பழைய சிந்தசைசர்: சொன்ன விலையும் அடக்க விலையும்



மிளகாய் மூட்டை வாங்கும்போது மண்டியில் சொன்ன விலையை மட்டும் வைத்து நாம் லாபக் கணக்குப் போடுவதில்லை. கமிஷன், சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை, எடைக்குறைவு, கழிவு எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் கிலோ என்ன அடக்கம் என்று சொல்கிறோம். கடையில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கும் நாமே, பழக்கமில்லாத ஒரு பழைய பொருளை வாங்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் கடையையும் கவனித்துக்கொண்டு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார்கள். சிலர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டுப் பதிவு செய்கிறார்கள். அவர்களில் ஒருவர், "அப்பா, 1984ஆம் வருடத்து அனலாக் சிந்தசைசர் ஒன்று விலைக்கு வருகிறது. ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள்" என்று வந்து நின்றால் என்ன செய்வது? 'நாற்பது வருடப் பழைய பெட்டிக்கு இவ்வளவு பணமா?' என்று விரட்டிவிடுவதும் சரியல்ல. பிள்ளை ஆசைப்படுகிறானே என்று கடை முதலை எடுத்து எண்ணிக் கொடுத்துவிடுவதும் சரியல்ல. சரக்கைத் தெரிந்துகொண்டு, அடக்க விலையைப் போட்டுப் பார்த்து முடிவு செய்வதே வணிகனுக்கு அழகு. அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது என்ன பொருள்?

சிந்தசைசர் என்பது மின்சாரத்தைக் கொண்டே ஒலியை உண்டாக்கும் கருவி. அனலாக் வகையில் ஆஸிலேட்டர் என்ற பகுதி ஒலியைப் பிறப்பிக்கும். ஃபில்டர் என்ற பகுதி நம் கடைச் சல்லடையைப் போல, வேண்டாத ஒலிப் பகுதிகளைத் தடுத்து வேண்டியதை மட்டும் விடும். அடுத்த பகுதி, ஒலி எவ்வளவு உரக்க எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் குமிழ்களைத் திருகியே மாற்றலாம்.

சீக்வென்சர் என்பது எந்த ஸ்வரத்திற்குப் பின் எந்த ஸ்வரம் என்ற வரிசையைப் பதிந்து வைத்துக்கொண்டு, சொன்ன வேகத்தில் தானே திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்யும் கருவி. சிலவற்றில் இது சிந்தசைசருக்குள்ளேயே இருக்கும். 1982இல் வந்த ரோலண்ட் எஸ்ஹெச்-101 கருவியில் 100 ஸ்வரம் வரை பதியலாம்.

விலை விழுந்த கதையும் ஏறிய கதையும்

அமெரிக்காவின் மினிமூக் 1970இல் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். இருந்தும் 1981 வரை உற்பத்தியில் இருந்தது. 1983இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற டிஜிட்டல் கருவியைக் கொண்டுவந்தது. சுருதி விலகாது; ஒரே நேரத்தில் 16 ஸ்வரம் வாசிக்கும். வாசிப்பவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பழைய அனலாக் கருவிகள் செகண்ட் ஹேண்ட் கடைகளில் தேங்கின.

அப்படித் தேங்கியவற்றில் ஒன்று ரோலண்ட் டிபி-303. கிதார் வாசிப்பவர் தனியே பயிற்சி செய்யும்போது, கூட பேஸ் கிதார் வாசிக்க ஆளில்லாத குறையைப் போக்கச் செய்த சிறு பெட்டி இது. அதன் ஓசை பேஸ் கிதார் போலவே இல்லை. வாங்குவாரில்லாமல் 1984இல் உற்பத்தி நின்றது. ஆனால் சிகாகோ நகரத்து இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகி, பேஸ் கிதாருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புது ஓசையை எடுத்தார்கள். ஃபியூச்சர் என்ற குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' இசைத்தட்டு அப்படிப் பிறந்ததே. ஒரு புதிய நடன இசை அதிலிருந்து கிளைத்தது. அன்று கழித்துக் கட்டப்பட்ட பெட்டி இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறது.

ஒரு தெருவில் ஓடாத சரக்கு இன்னொரு தெருவில் ஓடும் என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் இதை வைத்து, 'பழையது எல்லாம் விலை ஏறும்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பெட்டியால் என்ன செய்யலாம் என்று கண்டவர்கள் இருந்ததால்தான் அதற்கு விலை வந்தது.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மும்பை திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், சிங்கப்பூரில் ரோலண்ட் கருவிகளை வாங்கினார். டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 ஆகிய மூன்றையும் கொண்டு, 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு அன்று விலை போகவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோது, சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பே இந்த ஓசையா என்று உலகமே வியந்தது. அவர் 2015இல் காலமானார். ராகம் என்ற கைமுதல் அவரிடம் இருந்தது; கருவி அதற்குப் பயன்பட்டது. உங்கள் பிள்ளையிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "இதை வைத்து என்ன வாசிக்கப் போகிறாய்?"

பல்லைப் பிடித்துப் பாருங்கள்

மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இந்தக் கருவிகளிலும் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. 'இப்போது கரண்ட் இல்லை, நாளைக்குப் போட்டுக் காட்டுகிறேன்' என்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

1. மின்சாரம். ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட். அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட். நம் வீட்டில் 230 வோல்ட். பின்புறம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் நேராகச் செருகினால் உள்ளே எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் தேவையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

2. சுருதி. பழைய ஆஸிலேட்டர்கள் சூட்டுக்குத் தக்கபடி சுருதி விலகும். கருவியைப் போட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். சூடேறிய பிறகும் சுருதி நிற்கவில்லை என்றால் வேலை இருக்கிறது என்று பொருள்.

3. எல்லாக் குரல்களும். ரோலண்ட் ஜூனோ-106 (1984) ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம் வாசிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குரல் சிப் உண்டு. பிசின் பூசிய இந்தச் சிப்புகள் காலப்போக்கில் பழுதாவது தெரிந்த விஷயம். ஆறு கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, விடாமல் பிடித்துக் கேளுங்கள். ஒன்று ஊமையாகவோ கரகரத்தோ வந்தால் விலையில் குறைக்க வேண்டும்.

4. உள்ளே இருக்கும் பேட்டரி. பதிந்த ஒலிகள் அழியாமலிருக்கப் பல கருவிகளில் பேட்டரி உண்டு. கோர்க் பாலிசிக்ஸ் (1981) கருவியில் இந்தப் பேட்டரி கசிந்து, போர்டில் உள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே அரித்துப் போயிருக்கும். விற்பவர் முன்னிலையிலேயே மூடியைக் கழற்றிப் பார்க்கத் தயங்காதீர்கள். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்ப்பது நமக்கு வெட்கமா என்ன?

5. குமிழும் கட்டையும். ஒவ்வொரு குமிழையும் முழுதாகத் திருகுங்கள். ஒவ்வொரு கட்டையையும் அழுத்துங்கள். கரகரப்புத் தூசியால் வருவதானால் சுத்தம் செய்தால் போகும். தேய்மானமானால் புதிது போட வேண்டும்.

6. உதிரிப் பாகம். இதுவே மிக முக்கியம். ரோலண்ட் டிஆர்-808 தாளக் கருவி 1980இல் வந்தது. அதன் ஓசைக்கு ஒரு காரணம், தயாரிப்பில் குறையுள்ளவை என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைப் பொறுக்கி எடுத்துப் போட்டது. டிரான்சிஸ்டர் தயாரிப்பு முன்னேறியதும் அந்தக் குறையுள்ள சரக்கு வருவது நின்றது. 1983இல் 808 உற்பத்தியும் நின்றது. செய்த நிறுவனத்துக்கே கிடைக்காமல் போன பாகம் நமக்கு மட்டும் சுலபமாகக் கிடைத்துவிடுமா? ஆகவே, 'பழுதானால் யார் பார்ப்பார்? பாகம் எங்கே கிடைக்கும்?' என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் வாங்கக் கூடாது.

சீக்வென்சர் வாங்கினால் அளவு பொருந்த வேண்டும்

ஒரு கடையில் படிக் கணக்கு, இன்னொரு கடையில் கிலோக் கணக்கு என்றால் இருவருக்கும் வரவு செலவு நேராகாது. பழைய கருவிகளிலும் இதே சிக்கல் உண்டு. சீக்வென்சர் ஒரு மின்னழுத்தத்தை அனுப்பித்தான் 'இந்த ஸ்வரத்தை வாசி' என்று சொல்லும். ரோலண்ட், மூக் கருவிகளில் ஒரு ஸ்தாயி ஏற ஒரு வோல்ட் கூடும். கோர்க் எம்எஸ்-20 (1978) கருவியில் ஒரு ஸ்தாயி ஏற வோல்ட் இரட்டிப்பாகும். இதை அதில் நேராக மாட்டினால் ஸ்வரம் சரியாக வராது.

ஏமாற வைக்கும் இன்னொன்று பிளக். 1983இல் பல நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட மிடி என்ற பொது முறைக்கு ஐந்து முனைப் பிளக் உண்டு. அதற்கு முந்திய ரோலண்ட் தாளக் கருவிகளிலும் பார்வைக்கு அதே பிளக்தான். ஆனால் உள்ளே போவது வெறும் தாளத் துடிப்பு மட்டுமே. பிளக் பொருந்துகிறது என்பதால் கருவி பொருந்தும் என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கன்வர்ட்டர் தேவைப்படும். அந்தச் செலவும் அடக்கத்தில் சேரும்.

ஒரு மாதிரிக் கணக்கு

விளக்கத்திற்காக ஒரு கணக்குப் போடுவோம். கேட்ட விலை ரூ.1,50,000. பெட்டி கட்டும் கூலியும் வண்டிச் செலவும் ரூ.6,000. டிரான்ஸ்பார்மர் ரூ.4,000. ஆறு குரல் சிப்புகளும் மாற்றும் கூலியும் ரூ.40,000. குமிழ்களைச் சரிசெய்ய ரூ.5,000. ஆக அடக்கம் ரூ.2,05,000. வெளிநாட்டிலிருந்து நேராக வருவித்தால் சுங்க வரி தனி.

இதே கருவியைப் பழுது பார்த்து, ரசீதுடன், வாசித்துக் காட்டி இன்னொருவர் அதே ஊரில் ரூ.1,85,000 சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட விலையில் ரூ.35,000 கூடுதல். டிரான்ஸ்பார்மரும் வண்டிச் செலவும் ரூ.10,000 சேர்த்தாலும் அடக்கம் ரூ.1,95,000தான். முன்னதைவிட ரூ.10,000 குறைவு. அலைச்சலும் மிச்சம்.

மூன்றாவது வழியும் உண்டு. பழைய கருவிகளின் வழியில் புதியவை வந்துவிட்டன. கோர்க் நிறுவனமே 2013இல் எம்எஸ்-20 மினி என்று சிறிய அளவில் வெளியிட்டது. டிபி-303 ஓசைக்காக ரோலண்ட் 2016இல் டிபி-03 வெளியிட்டது. பெரிங்கர் நிறுவனம் 2019இல் டிடி-3 வெளியிட்டது. பழைய அசலின் விலையில் இவை சிறு பங்குதான். பிள்ளை கற்றுக்கொள்ளவும் மேடையில் வாசிக்கவும் இவை போதும். முதலில் இதில் வாசித்துப் பழகட்டும். அசல்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் அப்போது பார்க்கலாம்.

வாங்கிய பிறகு

வாங்கிய கருவியைப் பரணில் போடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது மின்சாரம் கொடுத்து வாசிக்க வேண்டும். தூசியும் ஈரமும் படாமல் துணி போட்டு மூட வேண்டும். மிளகாய் வற்றல், உப்பு மூட்டை இருக்கும் கிடங்கு இதற்கு ஏற்ற இடமல்ல. நாள்பட்ட பேட்டரியைக் கசியும் முன்பே தெரிந்தவரைக் கொண்டு மாற்றிவிட வேண்டும். பழுது பார்த்த ஒவ்வொரு ரசீதையும் ஒரு கோப்பில் வையுங்கள். நாளை விற்க நேர்ந்தால் அந்தக் கோப்புக்கே ஒரு விலை உண்டு.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து அவரையே போட்டு வரச் சொல்லுங்கள். என்ன வாசிக்கப் போகிறார், யார் பழுது பார்ப்பார், அடக்கம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வந்தால், கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை. கொள்முதல் என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் கடைக்குக் கிடைத்துவிட்டார்.