நூறு திரைகளும் ஒரு திருத்தமும்

தஞ்சைத் தரணி என்றதும் நெல்வயல்களும் வாய்க்கால்களும்தான் உங்கள் நினைவுக்கு வரும். அந்த வயல்களுக்கு அடியில், வெகு ஆழத்தில், இயற்கை எரிவாயுவும் இருக்கிறது. அதைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் 2000-களின் தொடக்கத்தில் இங்கே அமைந்தன. திருவாரூர் மாவட்டம் கோவில்களப்பாலில் உள்ளதன் திறன் 107.88 மெகாவாட், குத்தாலத்தில் உள்ளதன் திறன் 101 மெகாவாட். எரிவாயு எரிந்து ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதிலிருந்து வெளிவரும் சூடான புகையும் வீணாவதில்லை. அது நீரை ஆவியாக்கி இன்னொரு சுழலியைச் சுற்றுகிறது.

இத்தகைய நிலையங்களை நடத்துபவர் சுழலியின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் கணிப்பொறித் திரைகளின் முன் அமர்ந்திருக்கிறார். குழாய், வால்வு, கொதிகலன் எல்லாம் அங்கே படங்களாகத் தெரியும். பக்கத்தில் அழுத்தமும் வெப்பநிலையும் எண்களாக மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு திரைப்படத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. (சினிமா அல்ல, திரையில் தெரியும் படம்தான்!) அந்தக் கோப்பில் இருப்பவை பெரும்பாலும் எழுத்துக் கட்டளைகளே: ‘இங்கே ஒரு வால்வை வரை, அதன் அருகே பி-1 என்ற கருவியின் அளவைக் காட்டு, 80-ஐத் தாண்டினால் நிறத்தை மாற்று.’ பி-1 என்பது அக்கருவியின் குறிப்பெயர். ‘டேக்’ என்று பொறியாளர்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் இந்தக் குறிப்பெயர்களை மாற்ற வேண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கோப்புகள், ஒவ்வொன்றிலும் 30 இடங்கள், ஆக 3,000 திருத்தங்கள். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் 100 மணி நேரம் ஆகும். அதனால் ஒரு சிறு நிரலை எழுதி, எல்லாக் கோப்புகளையும் ஒரே மூச்சில் திருத்திவிடுகிறார்கள். இதைத் தொகுதித் திருத்தம் எனலாம். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் தவறு செய்தால் அதையும் சில நொடிகளில் நூறு கோப்புகளிலும் செய்து முடித்துவிடும்!

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு கட்டுரையில் ‘ஆறு’ என்று வரும் இடமெல்லாம் ‘நதி’ என்று மாற்றும்படி கணிப்பொறிக்குச் சொல்லிப் பாருங்கள். ‘காவிரி ஆறு’ சரியாகவே ‘காவிரி நதி’ ஆகும். ஆனால் ‘ஆறு மணி’ என்பது ‘நதி மணி’ ஆகிவிடும். உங்கள் நண்பன் ஆறுமுகம் ‘நதிமுகம்’ ஆகிவிடுவான். வெண்ணாறும் அரசலாறும் மட்டும் மாறாமல் தப்பிவிடும். அங்கே ‘ஆ’ என்ற எழுத்து தனியாக இல்லை, முன்னெழுத்தோடு சேர்ந்துவிட்டது. கணிப்பொறி பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்து வரிசையை மட்டுமே பார்க்கிறது.

குறிப்பெயரிலும் இதே கதைதான். ‘பி-1’ என்பதை ‘பி-21’ ஆக்கச் சொன்னால், ‘பி-12’ ‘பி-212’ ஆகிவிடும். பி-212 என்று ஒரு கருவி இல்லாவிட்டால் திரையில் எண் வராது. தவறு உடனே தெரிந்துவிடும். அப்படி ஒரு கருவி உண்மையிலேயே இருந்துவிட்டால்தான் ஆபத்து. வேறொரு குழாயின் அழுத்தம் இந்தக் குழாயின் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

நிறத்தை மாற்றுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மின்துறையில் இணைப்பு மூடி மின்சாரம் ஓடுவதைச் சிவப்பால் காட்டுவது வழக்கம். வேறு பல ஆலைகளில் ஓடும் இயந்திரத்துக்குப் பச்சை. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். முதலில் சிவப்பையெல்லாம் பச்சையாக்கி, பிறகு பச்சையையெல்லாம் சிவப்பாக்கினால் என்ன ஆகும்? எல்லாமே சிவப்பு! இரண்டு குவளைகளில் உள்ள பாலையும் மோரையும் இடம் மாற்ற மூன்றாவது குவளை வேண்டும் அல்லவா? அதுபோலச் சிவப்பை முதலில் வேறு எங்கும் வராத ஒரு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அலகுகளில் இன்னும் கவனம் தேவை. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அதாவது 36.58 மீட்டர். ‘அடி’ என்ற சொல்லை மட்டும் ‘மீட்டர்’ ஆக்கிவிட்டு எண்ணைத் தொடாமல் விட்டால், படத்தில் எந்தக் கோளாறும் தெரியாது. அணை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கும்.

இதெல்லாம் சிறு விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நம்பினார்கள். ஆனால் மூடும்படி கட்டளை போனதை மட்டுமே அந்த விளக்கு சொன்னது. வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் உட்பகுதியில் ஒரு பங்கு உருகிப்போனது. அங்கே நடந்தது கோப்புத் திருத்தம் அல்ல. ஆனாலும் பலகை ஒன்றைச் சொல்ல, குழாய் வேறொன்றைச் செய்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே நல்ல பொறியாளர் மூலக் கோப்புகளைத் தொடமாட்டார். படியெடுத்துப் படியில்தான் திருத்துவார். எத்தனை இடங்கள் மாற வேண்டும் என்று முன்னதாகவே எண்ணி வைத்திருப்பார். 3,000 எதிர்பார்த்து 3,042 மாறியிருந்தால், அந்த 42 எவை என்று தேடிப் பிடித்த பிறகே அடுத்த வேலை.

கடைசிச் சோதனை ஆலைக்குள்ளேயே நடக்கும். பெரும்பாலான அளவுக் கருவிகள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டமாகத் தம் அளவை அனுப்புகின்றன. 4 என்றால் அளவு சுழி, 20 என்றால் முழு அளவு. ஓட்டமே இல்லாவிட்டால் கம்பி அறுந்தது என்று பொருள். சுழிக்கு 4-ஐ வைத்த புத்திசாலித்தனம் இதுதான். இப்போது ஒருவர் கருவியின் இடத்துக்குப் போய் 12 மில்லி ஆம்பியர் செலுத்துகிறார். அக்கருவியின் எல்லை 0 முதல் 100 வரை என்றால் திரையில் 50 வர வேண்டும். அறையில் இருப்பவர் எண்ணைப் படித்துச் சொல்கிறார், பட்டியலில் ஒரு குறி விழுகிறது, அடுத்த கருவிக்கு நகர்கிறார்கள்.