கடையில் நிற்பவர்கள் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும்போது

கேள்வி: மதுரையில் ஜவுளிக்கடை, நகைக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருக்கிறோம். வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகும், எங்களில் பலர் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டேதான் இருக்கிறோம். அடுத்த சட்டமன்றக் கூட்டத்துக்குள் எம்.எல்.ஏ.க்களைப் பார்த்து முறையிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். எங்களில் யாரும் இதுவரை ஒரு எம்.எல்.ஏ.விடம் நேருக்கு நேர் பேசியதில்லை. யாரைப் பார்ப்பது, மனுவில் என்ன எழுதுவது, எத்தனை பேர் போவது? கட்சிப் பின்னணி இல்லாத எங்களை மதித்துப் பேசுவார்களா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பேசுவார்கள், சகோதரி. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் வேலை, இடமாறுதல், காலேஜ் சீட்டு என்று சொந்தக் காரியத்துக்கு வருபவர்கள். சட்டப் பிரிவைச் சொல்லி, ‘இதைச் சபையில் கேளுங்கள்’ என்று வருபவர்கள் குறைவு. அப்படிப் போகிறவர்களை அவர் மறக்கமாட்டார்.

உங்கள் சட்டத்தை முதலில் நீங்கள் எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள். 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரும்படி, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. அங்கே கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று நடத்திய ‘பெண்கூட்டு’ என்ற பெண்கள் அமைப்பு முதலில் கழிப்பறை கேட்டுப் போராடியது. இருக்கைக்கான போராட்டம் அதன் தொடர்ச்சி. தமிழ்நாட்டில் 2019-ல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுமம் ஒருமனதாக ஏற்ற பிறகே மசோதா வந்தது. அந்தக் குழுமத்தில் முதலாளிகள் தரப்பும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சில் தேவைப்படும்.

ஆக, சட்டம் இருக்கிறது. உங்கள் குறை அமலாக்கத்தில். இங்கேதான் முதல்முறை போகிறவர்கள் தடம் மாறுகிறார்கள். ‘கடைக்காரரிடம் சொல்லி நாற்காலி போடச் சொல்லுங்கள்’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எம்.எல்.ஏ. உடனே போனை எடுத்துவிடுவார். அவருக்கு அது சுலபம். மறுநாள் நாலு ஸ்டூல் வரும், பண்டிகை சீசனில் காணாமல் போகும். சொல்லிக்கொடுத்தது யார் என்று மட்டும் முதலாளிக்குத் தெரிந்திருக்கும்.

எம்.எல்.ஏ.வால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்று உண்டு. அமைச்சரைச் சபையில் பதில் சொல்ல வைப்பது. அதைக் கேளுங்கள். கேள்வியை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இப்படி: ‘மதுரை மாவட்டத்தில் கடந்த ஓராண்டில் 22-ஏ பிரிவின்கீழ் எத்தனை கடைகள் ஆய்வு செய்யப்பட்டன? எத்தனை கடைகளில் இருக்கை வசதி இல்லை என்று கண்டறியப்பட்டது? அவற்றின்மீது எடுத்த நடவடிக்கை என்ன?’ இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, எண்ணிக்கை மட்டுமே. ஆளுங்கட்சி உறுப்பினரும் கூச்சமில்லாமல் கொடுக்கலாம். நட்சத்திரக் குறியிட்ட வினாவாக ஏற்கப்பட்டால் அமைச்சர் சபையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். எந்த வினாவை அனுமதிப்பது என்பது பேரவைத் தலைவர் கையில். அதனால் ஒரே வழியை நம்பாமல், தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இரண்டு நிமிடம் பேசும்படியும் கேளுங்கள். அந்த விவாதத்தின்போது துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். போன ஆண்டுக் குறிப்பை அரசு இணையதளத்திலிருந்து எடுத்து, கடைகள் சட்ட அமலாக்கம் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், இருக்கை பற்றி ஒரு வரியாவது உண்டா என்று பாருங்கள். கூடவே தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு இன்றே ஓர் ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். எம்.எல்.ஏ.வைப் பார்க்கும் நாளில் அந்தப் பதில் கையில் இருந்தால் உங்கள் பேச்சின் கனமே வேறு.

யாரைப் பார்ப்பது என்பதற்கு ஒரு கணக்குப் போட வேண்டும். மதுரை மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதிகள். வேலை பார்க்கும் கடை ஒரு தொகுதியில் இருக்கும், ஓட்டு வேறு தொகுதியில் இருக்கும். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற பெண்கள் உங்களிடம் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எந்தத் தொகுதியில் ஓட்டு என்று எழுதி வாங்குங்கள். ஒரு எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகும் குழுவில் அவருடைய தொகுதி வாக்காளர் ஒருவராவது இருக்கட்டும், அவரே முதலில் பேசட்டும். ‘நான் உங்க தொகுதிங்கய்யா’ என்ற வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு எந்தச் சிபாரிசுக் கடிதத்துக்கும் கிடையாது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, கூட்டணிக் கட்சி மூன்றையும் பாருங்கள். உங்கள் எம்.எல்.ஏ. அமைச்சராக இருந்தால் அவர் சபையில் கேள்வி கேட்கமாட்டார். அவரிடம் துறை அமைச்சரைச் சந்திக்க நேரம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சந்திப்பை மதுரையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தொடர் நடக்கும்போது சென்னை போய், ஓமந்தூரார் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதியில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் எம்.எல்.ஏ.க்கள் கோட்டைக்குக் கிளம்பும் அவசரத்தில் உங்களுக்கு நின்றபடி ஒரு நிமிடம்தான் கிடைக்கும். ஒருநாள் சம்பளம், போகவர டிக்கெட் எல்லாம் போட்டால் உங்களுக்கு அது பெரிய தொகை. கேள்விக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே தொகுதி அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். நேரம் கொடுப்பவர் பி.ஏ.தான். அவரிடம் விஷயத்தை முழுசாகச் சொல்லுங்கள், மனுவின் நகலையும் கொடுங்கள். பிறகு அந்தத் தாளைத் தேடி எடுக்கப்போவது அவர்தான்.

மனு ஒரே பக்கம். மேலே கோரிக்கை இரண்டு வரி, அடுத்து சட்டப் பிரிவு, அடுத்து நிலைமை, கடைசியில் சங்கத்தின் பெயரும் போன் நம்பரும். எந்தக் கடையின் பெயரும், எந்த ஊழியரின் பெயரும் அதில் வேண்டாம். மனு பல கைகளுக்குப் போகும். கடை முதலாளிக்கு எம்.எல்.ஏ.வைப் பழக்கம் இருக்கலாம், சொந்தக்காரராகவே இருக்கலாம். ஒரு பெண்ணின் வேலை போனால் சங்கத்தின் மேல் மற்றவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். இதில் மட்டும் கொஞ்சமும் அசட்டையாக இருக்காதீர்கள். நேரில் பேசவும், வேலையை விட்டுவிட்ட ஒருவர் கிடைத்தால் அவரையே அழைத்துப் போங்கள்.

நாலு பேர் போதும். ஒருவர் கோரிக்கையைச் சொல்லட்டும், ஒருவர் தன் அனுபவத்தை. அனுபவம் என்றால் பொதுவாக ‘ரொம்பக் கஷ்டப்படுகிறோம்’ என்பதல்ல. மதியம் கூட்டம் இல்லாத ஒரு மணி நேரம்கூடச் சுவரில் சாய விடாதது, வீட்டுக்குப் போனதும் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்வது, முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு டாக்டர் ‘நிற்காதீங்க’ என்று சொன்னது. இப்படிச் சொல்லுங்கள். மூன்றாமவர் எம்.எல்.ஏ. சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். ‘உட்கார்ந்தா வியாபாரம் கெடும்னு கடைக்காரங்க சொல்றாங்களே’ என்று அவர் கேட்பார். அப்போது அந்த 2019 குழுமத்தைச் சொல்லுங்கள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காரத்தான் சட்டம் சொல்கிறது என்பதையும் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், ‘கேட்டுச் சொல்றோம் ஐயா’ என்று சொல்லி, இரண்டு நாளில் பி.ஏ.வுக்கு அனுப்பிவிடுங்கள். சால்வைக்குச் செலவழிக்க வேண்டாம். எழுந்திருக்கும் முன், ‘இந்தக் கேள்வியை நீங்க கொடுக்கறீங்களா ஐயா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்பார், எந்தத் தேதியில் வந்து கேட்கட்டும் என்று விடாமல் கேளுங்கள்.

இதெல்லாம் பலிக்குமா என்று உங்கள் சங்கத்தில் யாராவது சந்தேகப்பட்டால் 2023-ஐ நினைவூட்டுங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணி உறுப்பினர்களே எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்களுடன் பேசிய பின் 24-ஆம் தேதி அதை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சங்கங்கள் வெளியே எதிர்த்தன, அதே எதிர்ப்பைச் சபைக்குள் சொல்லவும் உறுப்பினர்கள் இருந்தார்கள்.

சந்தித்த மறுநாளே நன்றிக் கடிதம் அனுப்புங்கள். அவர் ஒப்புக்கொண்டது என்ன என்பதையும் அதில் ஒரு வரி எழுதுங்கள். சபையில் அமைச்சர் ‘ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று சொன்னால் அது அரசின் உறுதிமொழி. அதைக் கண்காணிக்கவே சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு இருக்கிறது. பதில் வந்த தேதியைக் குறிப்பிட்டு அந்தக் குழுவுக்கும் எழுதலாம். பதிலின் நகலைத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் நேரில் கொடுத்து, முதல் ஆய்வு எந்தக் கடைவீதியில், எப்போது என்று கேளுங்கள்.