சீமோருக்கு நேரம் இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' நாடகம் பார்த்ததாகவும், வயிறு வலிக்கச் சிரித்ததாகவும் எழுதியிருந்தாய். சிரிக்க வைக்கிற நாடகத்தில் நீதியைத் தேடுவானேன் என்றும் கேட்டிருந்தாய். நம்மைச் சிரிக்க வைத்தே அந்த நாடகம் தன் நீதியைச் சொல்கிறது என்பேன்.

ஹோவர்ட் ஆஷ்மன் கதையும் பாடல்களும் எழுத, ஆலன் மென்கன் இசையமைத்து, 1982-ல் நியூயார்க்கில் அரங்கேறியது அது. ரோஜர் கோர்மனின் 1960-ஆம் ஆண்டுப் படம்தான் மூலம். ஏழைப் பேட்டையில் நொடித்துப்போன ஒரு பூக்கடை. அங்கே வேலை பார்க்கும் அநாதைப் பையன் சீமோர் விசித்திரமான ஒரு செடியை வளர்க்கிறான்.

அவன் எடுக்கும் முடிவுகளை வரிசையாகப் பார். ரோஜா முள் குத்திய விரலில் இரத்தம் கசிய, வாடிக் கிடந்த செடி வாய் திறக்கிறது. தன் இரத்தத்தையே சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறான். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கடையிலும் கூட்டம் சேர்கிறது. பிறகு செடி ஆளையே கேட்கிறது. சீமோர் நேசிக்கும் ஆட்ரியை அடித்துத் துன்புறுத்தும் பல் டாக்டர் ஓரினிடம் துப்பாக்கியோடு போகிறான். சுட மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, டாக்டர் தானே மாட்டிக்கொண்ட சிரிப்பு வாயு முகமூடி கழற்ற வராமல் சிக்கிக்கொள்கிறது. அவர் சிரித்துச் சிரித்தே மூச்சு முட்டிச் சாகிறார். அந்தச் சாவு ஒரு முழுப் பாட்டு நேரம் நீள்கிறது. காப்பாற்ற அவகாசம் இருந்தும் சீமோர் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

கொடுமைக்காரன்தானே, போகட்டும் என்று நாமும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பில் நம் சம்மதமும் இருக்கிறது. அடுத்து, கடை முதலாளி மஷ்னிக்குக்கு டாக்டர் செத்த விஷயம் தெரிந்துபோகிறது. கடைப் பணம் செடிக்குள் இருப்பதாகப் பொய் சொல்லி, சீமோர் அவரை அதன் வாய்க்குள் அனுப்புகிறான். இந்த முறை, பலியானவன் கொடியவன் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள நமக்கும் வழியில்லை.

என்னை மிகவும் உலுக்கியது இதற்குப் பிறகு வருவது. புகழும் ஒப்பந்தங்களும் தேடி வருகின்றன. எல்லாவற்றையும் உதறிவிட நினைக்கிறான் சீமோர். ஆனால் வெறும் ஆளாகிவிட்டால் ஆட்ரி தன்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயம் தடுக்கிறது. பின்னால் ஒருநாள் அவளிடமே கேட்கிறான். எதுவும் இல்லாவிட்டாலும் உன்னை நேசிப்பேன் என்கிறாள் அவள். முதலிலேயே கேட்டிருக்கலாம். அதற்குள் காலம் கடந்துவிட்டது. செடி அவளையும் பலி கொள்கிறது, அவனையும் விழுங்குகிறது. அதன் துண்டுகள் நாடெங்கும் விற்பனைக்குப் போகின்றன.

1986-ல் ஃபிராங்க் ஆஸ் இதைப் படமாக எடுத்தபோது, முன்னோட்டம் பார்த்தவர்கள் இந்த முடிவை ஏற்கவில்லை. இருவரும் பிழைப்பதாக மாற்றினார்கள். எனக்கு மேடையின் முடிவே சரி. சீமோர் நல்லவன் என்பதற்காக அவன் செய்ததன் பலன் அவனை விட்டுவிடவில்லை.

ஏதோ ஒன்று கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நீ சிறிதாக ஒன்றை விட்டுக்கொடுக்கும் நாள் வரும். அப்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்: இதற்கான விலையை நானே கொடுக்கிறேனா, வேறு யார் தலையிலாவது கட்டுகிறேனா? என் பயம் உண்மைதானா என்று உரியவரிடம் கேட்டுப் பார்த்தேனா? பதில் தெரியாமல் அடுத்த அடி வைக்காதே.

அன்புடன்,
உன் அக்கா