கறுப்பாகத் தெரியும் நாண்

கேள்வி: கொல்லிமலை ஆகாய கங்கை அருவிப் படிகளில் கால் பிசகியவரின் எம்.ஆர்.ஐ. படத்தில் குதிகால் நாண் கறுப்பாகத் தெரிகிறது. அறுந்துவிட்டதா?
– வாசகர், செம்மேடு

பதில்: கருமை சேதத்தின் அடையாளம் அன்று, நலமான நாண் அப்படித்தான் தெரியும். உடலிலுள்ள நீர், கொழுப்பு ஆகியவற்றின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வானொலி அலையால் தூண்டப்பட்டபின் வெளியிடும் குறிப்பலையையே இக்கருவி படமாக்குகிறது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாணில், கொலாஜன் என்னும் புரத இழைகள் நெருங்கி அடுக்கப்பட்டு நீரை இறுகப் பற்றியிருப்பதால், குறிப்பலை சில மில்லிநொடிகளிலேயே அடங்கிவிட, கருவி கேட்கத் தொடங்கும்போது பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை.

ஐயத்திற்குரியது கருமையின் நடுவே தோன்றும் வெண்மையே. ஆயினும் அதுவும் ஏமாற்றக்கூடும். இழைகள் கருவியின் முதன்மைக் காந்தப்புலத்திற்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்திருந்தால் குறிப்பலை நீடித்து, கணுக்காலை வளைந்து சுற்றும் நலமான நாண்கூட வெளுத்துத் தெரியும். இதற்கு மாயக்கோண விளைவு என்று பெயர். தாமதித்துக் கேட்கும் படங்களில் இவ்வெண்மை மறைந்துவிடும், உண்மையான கிழிசலில் தேங்கிய நீரின் வெண்மையோ பெரும்பாலும் மறையாது. தூண்டிய 0.1 மில்லிநொடிக்குள்ளேயே கேட்கத் தொடங்கும் மீக்குறு எதிரொலி நேர முறையில் நாணே ஒளிர்வதால், அதன் உள்ளமைப்பையும் ஆராயலாம். எனினும் அறுந்ததா என்று அறிய வழக்கமான படங்களும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையுமே பெரும்பாலும் போதும்.