கொசுக்களிடையே இயற்கைத் தேர்வு

கங்காதர நெல்லூர் முதலிய சித்தூர் மாவட்டத்து ஊர்களில் மழை ஓய்ந்ததும் பள்ளங்களிலும் வாய்க்கால்களிலும் தெளிந்த நீர் தேங்கும். அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் கொசு முட்டையிடுவது இத்தகைய நீரிலேயாகும். நம் நாட்டுக் கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்புவதில் முதலிடம் பெற்றது இக்கொசுவே. பரிணாமம் என்பது பண்டைக் காலத்திலேயே நிகழ்ந்து முடிந்த செய்தி என்று கருதுவோர்க்கு இச்சிற்றுயிர் நல்லதொரு பாடமாகும்.

1858-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று டார்வின், வாலஸ் ஆகிய இருவரின் கட்டுரைகளும் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் படிக்கப்பட்டன. அவர்தம் கொள்கையின் சாரம் மூன்று கூறுகளில் அடங்கும். ஓரினத்து உயிர்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவ்வேறுபாடுகளுட் சில பெற்றோரிடமிருந்து சந்ததிக்கு வருகின்றன. சூழ்நிலைக்கு ஏற்ற வேறுபாடுடையவை மிகுதியாகப் பிழைத்து மிகுதியான சந்ததியை விட்டுச் செல்கின்றன. இம்மூன்றும் கூடுமிடத்து இயற்கைத் தேர்வு நிகழும்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 7½ கோடிப் பேர் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர்; 8 இலட்சம் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்று, வீட்டுச் சுவர்களிலும் மாட்டுக் கொட்டில்களிலும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1961-இல் நோயாளர் தொகை ஏறத்தாழ 50,000 ஆகக் குறைந்தது. ஆயினும் 1959-இலேயே பஞ்சமகால் மாவட்டத்தில் டி.டி.டி.க்கு மடியாத கியூலிசிபேசிஸ் கொசுக்கள் கண்டறியப்பட்டன. 1976-இல் நோயாளர் தொகை 64 இலட்சத்தைக் கடந்தது. இதற்குக் காரணங்கள் பல. கொசுக்களின் எதிர்ப்பாற்றல் அவற்றுள் ஒன்று.

கொசு நஞ்சுக்குப் பழகிவிட்டது என்று கூறுவது பிழை. தனிக்கொசு எதுவும் மாறுவதில்லை. கூட்டத்தின் சேர்க்கையே மாறுகிறது. கணக்கொன்று காண்போம். 1,000 கொசுக்களில் 10 மட்டும் எதிர்ப்பாற்றல் உடையன என்றும், மருந்து ஏனைய 990-இல் பத்தில் ஒன்பதைக் கொல்கிறது என்றும் கொள்க. எஞ்சுவன 99-உம் 10-உம். எதிர்ப்புடையவற்றின் பங்கு நூற்றுக்கு 1 என்பதிலிருந்து 9 ஆயிற்று. சந்ததி பெற்றோரை ஒத்திருக்குமாயின், இரண்டாம் தலைமுறைத் தெளிப்பின் பின் அப்பங்கு 50; மூன்றாவதில் 91. மருந்து எதிர்ப்பாற்றலை உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததைப் பொறுக்கியெடுத்தது.

இவ்வேறுபாட்டின் இருப்பிடம் ஜீன்களாகும். டி.டி.டி. கொசுவின் நரம்புச் சவ்விலுள்ள சோடியம் வாயில் என்னும் புரதத்தைத் தாக்குகிறது. சில கொசுக்களில் அப்புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் நஞ்சு செயலற்றுப் போகிறது. வேறு சிலவற்றில் நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்துள்ளன.

களப்பணியாளர் இதனின்று அறிய வேண்டுவன சில. மருந்து பூசிய தாளில் ஒரு மணி நேரம் வைக்கப்பட்ட கொசுக்களுள் 24 மணி நேரத்திற்குப்பின் மடிந்தவை நூற்றுக்கு 90-க்குக் குறைவாயின், எதிர்ப்பாற்றல் உறுதியெனக் கொள்ளப்படும். ஒரே மருந்தை நெடுங்காலம் தெளிப்பது எதிர்ப்புடையவற்றையே பெருக்கும். மருந்தை மாற்றுதல், தேங்கிய நீரை வடித்தல், கிணறுகளில் கம்பூசியா மீன் விடுதல் ஆகியன இணைந்து நடைபெறல் வேண்டும். ஆசிரியர் மேற்கண்ட கணக்கை மாணவரைக் கொண்டு விதைகளால் செய்து காட்டுவாராயின், டார்வின் கொள்கை தம் ஊர்க் கொசுவிலும் செயற்படுவதை அவர்கள் எளிதில் உணர்வர்.