மருத்துவம் படிக்கும் பிள்ளையின் மனநோவு



கல்முனைக்குடியிலாயினும் அதனையடுத்த தமிழ்க் கிராமங்களிலாயினும், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் சந்தியில் பதாகை ஏறிவிடும். மருத்துவபீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் படம், மேலே வாழ்த்து. இதில் பள்ளிவாசல் வீடு, கோயில் வீடு என்ற பேதமில்லை. அப்பதாகை தொங்கும் ஊருக்குத் திரும்பி வந்து, “என்னால் ஏலாது” என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்வான்?

பாடசாலைக் காலம் முழுவதும் தமிழில் படித்தவனுக்கு அங்கே விரிவுரை யாவும் ஆங்கிலத்தில். ஊரில் முதலாவதாக வந்தவன், முதலாவதாக வந்த பலருள் ஒருவனாகிறான். போதாதற்குப் பகிடிவதை. அதை 1998ஆம் ஆண்டிலேயே சட்டம் தடைசெய்தது. அதனால் ஒழிந்துவிட்டதென்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

43 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை ஒரு கணிப்பை வெளியிட்டது. மருத்துவ மாணவர் நூற்றுவரில் ஏறத்தாழ 27 பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ காணப்பட்டன. 11 பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. மனச்சோர்வு கண்டவருள் சிகிச்சை நாடியோர் நூற்றுக்குப் பதினாறு பேரளவே! நாளைய வைத்தியர் இன்று நோயாளியாகத் தெரிய அஞ்சுகிறார் போலும்.

நித்திரை குலைதல், உணவில் வெறுப்பு, நண்பரை விட்டு ஒதுங்குதல், “நான் எல்லோருக்கும் பாரம்” என்ற பேச்சு: இவற்றைக் கண்டால் நேரடியாகவே கேளுங்கள், “உயிரை விடும் எண்ணம் வருகிறதா, மகன்?” என்று. கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாது அகற்றி, வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். கடும் நெருக்கடி பெரும்பாலும் கடந்துபோகும். நம் நாடே இதற்குச் சான்று: 1995இல் இலட்சத்துக்கு 47 பேரளவில் தற்கொலை செய்தனர். கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின், அத்தொகை மூன்றிலொன்றுக்கும் கீழே இறங்கியது.

“இது பாவமல்லவா, வெளியில் தெரிந்தால் என்னாகும்?” என்று சிலர் வாய்மூடுகின்றனர். உயிர் இறைவன் தந்தது என்பதில் திருச்சபை மாறவில்லை. ஆனால் தற்கொலை செய்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த பழைய விதி 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இல்லை. கடும் உளப்பாதிப்பு ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என 1992இன் மறைக்கல்வி ஏடும் கற்பிக்கிறது. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய நாட்டுச் சட்டமும் 1998இல் நீங்கிற்று. எனவே பொலிசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பிள்ளை பேசத் தயங்கினால், நீங்களே பேசி ஆலோசனை கேட்கலாம்.